தறிக்குத் திரும்பும் கை

இது நீளமான த்ரெட். டீ போட்டு வச்சுக்கிட்டுப் படிங்க.

திருத்தணி சுத்துவட்டாரத்துல ஓபி பார்க்கிற டாக்டருக்கு ஒரு கேள்வி நல்லாப் பழக்கம். டிபி மருந்து ரெண்டு மாசம் சாப்பிட்டு இருமல் நின்னவர் கேட்பார். பக்கவாதம் வந்து, கை கொஞ்சம் அசைய ஆரம்பிச்ச அம்மா கேட்பாங்க. சர்க்கரையில கால் விரலை எடுத்துட்டு, தையல் பிரிக்க வந்தவர் கேட்பார்.

"சார், எப்ப தறியில உட்காரலாம்?"

சில பேர் இதையே தெலுங்கில கேட்பாங்க. 1960 ஏப்ரல் 1 வரைக்கும் இந்த ஊர் ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துல இருந்தது. எல்லை மாறிடுச்சு, நிறைய வீட்டுல பேச்சு மாறல.

பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைன்னு இந்தப் பக்கம் நெசவுத் தெருக்கள் நிறைய. இப்போ பெரும்பாலும் விசைத்தறி. கைத்தறி குறைஞ்சுக்கிட்டே வருது. ஆனா ஐம்பது வயசைத் தாண்டின நெசவாளியைக் கேட்டீங்கன்னா, குழித்தறியில காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்த வயசைச் சரியாச் சொல்வார். பத்து, பன்னெண்டு வயசுன்னு.

அதனால அந்தக் கேள்வியில வயித்துப்பாடு பாதிதான். மீதிப் பாதியை யாரும் வாய்விட்டுச் சொல்றதில்லை. நாப்பது வருஷம் நூலைத் தொட்ட கை சும்மா மடியில கிடக்குது, அதைப் பார்க்க அவங்களுக்கே பொறுக்கல.

இந்தக் கேள்விக்கு மருத்துவம் என்ன பதில் சொல்லிக்கிட்டு வந்திருக்குன்னு ஒரு வரலாறு இருக்கு. அதுல முக்கியமான ரெண்டு கட்டம் நம்ம பக்கத்துலேயே நடந்தது. ஒண்ணு சென்னை சேத்துப்பட்டு, இன்னொண்ணு வேலூர். அதைத்தான் எழுதப் போறேன்.

முதல்ல பழைய பதில். "படுத்துக்கோ." அவ்வளவுதான்.

19-ஆம் நூற்றாண்டோட கடைசிப் பகுதியில அமெரிக்காவுல சைலஸ் வெயர் மிட்செல்னு ஒரு பெரிய நரம்பியல் டாக்டர் இருந்தார். நரம்புத் தளர்ச்சின்னு வர்ற பெண்களுக்கு அவர் கொடுத்த சிகிச்சைக்கு 'ஓய்வு சிகிச்சை'ன்னே பேர். வாரக்கணக்கா படுக்கை. பாலும் கொழுப்புமா சாப்பாடு. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, தையல் ஊசியைக்கூடத் தொடக் கூடாது. 1887-ல அந்தச் சிகிச்சைக்குப் போன சார்லட் பெர்கின்ஸ் கில்மன்ங்கிற எழுத்தாளர், அதுல தனக்குப் பைத்தியம் பிடிக்கிற நிலைமை வந்ததுன்னு பின்னாடி எழுதினாங்க. 'மஞ்சள் நிறச் சுவர்த்தாள்'ங்கிற அவங்க கதை அதுலேர்ந்து பிறந்ததுதான்.

டிபிக்கும் அதே பதில்தான். மருந்து இல்லாத காலம் அது. நல்ல காத்து, நல்ல சாப்பாடு, அசையாத படுக்கை. மதனப்பள்ளி பக்கம் ஆரோக்கியவரம் சானடோரியம் 1915-ல வந்தது. சென்னைப் பக்கம் தாம்பரம் சானடோரியத்தை 1928-ல ஆரம்பிச்சவர் சௌரி முத்து. ரயில்ல போறப்ப 'தாம்பரம் சானடோரியம்'னு ஸ்டேஷன் போர்டு பார்த்திருப்பீங்களே, அதுதான். மாசக்கணக்கா, சில பேர் வருஷக்கணக்கா அங்கே படுத்திருந்தாங்க. வேலைக்குப் போற கை அங்கே என்ன செஞ்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இதை மாத்தி யோசிச்ச ஆட்கள்ல ஒருத்தர் டாக்டரே இல்லை. ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன், அமெரிக்கக் கட்டடக் கலைஞர். டிபி நோயாளி. போதாக்குறைக்குக் காலில் அறுவை சிகிச்சை, அதுக்குப் பிறகு இடது பக்கம் செயலிழந்து போச்சு. மனுஷன் தன்னையே சோதனைக்கு வச்சுக்கிட்டார். தோட்ட வேலை, தச்சு வேலைன்னு அந்தச் செத்த பக்கத்தை வேலை வாங்க ஆரம்பிச்சார். கை திரும்பி வந்தது.

நியூயார்க் மாநிலத்துல கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ்னு ஒரு சின்ன ஊர்ல அவர் ஒரு வீட்டை எடுத்து, தன்னை மாதிரி எந்திரிக்க முடியாதவங்களுக்கு வேலை கத்துக்கொடுத்தார். 1917 மார்ச்சுல அதே வீட்டுல ஆறு பேர் கூடி ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு 'ஆக்குபேஷனல் தெரபி'ன்னு சொல்ற துறையோட தொடக்கம் அந்தக் கூட்டம்தான். பார்ட்டன்தான் முதல் தலைவர். ஆனா டிபி அவரை விடல, 1923-ல இறந்துட்டார். கையைத் திருப்பிக் கொண்டுவந்த வேலையால நுரையீரலைக் காப்பாத்த முடியல. இந்த ரெண்டையும் சேர்த்து ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

கிட்டத்தட்ட அதே சமயத்துல நம்ம நாட்டுல ஒரு நோயாளி படுக்கையில கிடந்தார். பேர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

1918-ல குஜராத் கேடா மாவட்டத்துல அலைஞ்சுக்கிட்டிருந்தப்ப அவருக்குக் கடுமையான சீதபேதி. மருந்து வேணாம்னு பிடிவாதம். செத்துடுவோம்னே நினைச்சார். கொஞ்சம் தேறினதும் ஆசனவாய் வெடிப்பு வந்து, மும்பையில டாக்டர் தலால் அறுவை சிகிச்சை செஞ்சார். உடம்பு தேறணும்னா பால் குடிச்சே ஆகணும்னு டாக்டர் சொல்ல, பால் குடிக்க மாட்டேன்னு விரதம்னு இவர் சொல்ல, பக்கத்துல நின்ன கஸ்தூர்பாதான் ஆட்டுப்பால் குடிக்கலாமேன்னு வழி கண்டுபிடிச்சாங்க. விரதம் எடுத்தப்ப மனசுல இருந்தது பசுவும் எருமையும்தானே. (என் ஓபியிலயும் இதே மாதிரி சாமர்த்தியமான வீட்டம்மாக்கள் தினம் ரெண்டு பேர் வர்றாங்க.)

ராட்டை கதைக்கு வர்றேன். 1909-ல 'இந்திய சுயராஜ்யம்' எழுதினப்ப காந்தி ராட்டையைக் கண்ணால பார்த்த ஞாபகம்கூட இல்லைன்னு அவரே 'சத்திய சோதனை'யில எழுதியிருக்கார். தேடிக்கிட்டே இருந்தார். கங்காபென் மஜும்தார்னு ஒரு அம்மா பரோடா சமஸ்தானத்து விஜாப்பூர்ல, வீடுகள்ல பரண்ல போட்டு வச்சிருந்த ராட்டைகளைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தாங்க. அப்புறம் காந்தி மும்பையில படுக்கையோட இருந்த நாட்கள்ல அவர் அறையிலேயே ராட்டை ஓட ஆரம்பிச்சது. அந்த ரீங்காரம் தன் உடம்பு தேறினதுக்கு உதவினதுன்னு எழுதுறார்.

அதோட நிறுத்தல. அந்தப் பலன் உடம்பை விட மனசுக்குத்தான் அதிகம்னு ஒத்துக்கிறார். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ராட்டையைப் பத்தி இந்தியாவுல எவ்வளவோ மிகையா பேசியிருக்காங்க. காந்தி இந்த ஒரு இடத்துல ஒரு நல்ல கேஸ் ஷீட் எழுதுற மாதிரி எழுதியிருக்கார். ஆட்டுப்பாலுக்கும் டாக்டர் தலாலுக்கும் உண்டான பங்கை அவங்களுக்கே விட்டுட்டார்.

சரி, சேத்துப்பட்டுக்கு வருவோம்.

1950-கள்ல டிபிக்கு மருந்து வந்துடுச்சு. ஐசோனியாசிட், பாஸ். ஆனா மருந்து வந்தும் 'படுத்துக்கோ' போகல. இந்தியாவுல இருக்கிற அத்தனை டிபி நோயாளிக்கும் படுக்கை எங்கே இருக்கு? அப்போதான் 1956-ல சென்னையில காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஆரம்பிச்சாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து. வாலஸ் ஃபாக்ஸ் தலைமை.

சென்னையின் ஏழைக் குடும்பங்கள்ல இருந்து வந்த 193 நோயாளிகள். சீட்டுப் போட்டுக் குலுக்கின மாதிரி பாதிப் பேரை சானடோரியத்துக்கும் பாதிப் பேரை வீட்டுக்கும் அனுப்பினாங்க. மருந்து ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், ஒரு வருஷம். சானடோரியத்துல நல்ல சாப்பாடு, படுக்கை. வீட்டுல இருந்தவங்களுக்குச் சாப்பாடு குறைவு, இடம் நெருக்கடி, நடமாட்டம் அதிகம், வேலைக்கும் போனாங்க. 1959-ல முடிவு வெளியாச்சு. பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டுல இருந்தவங்களால குடும்பத்துக்குத் தொற்று கூடினதாவும் தெரியல.

உலகம் முழுக்க சானடோரியங்களை மூட வச்ச ஆராய்ச்சி இது. 'மெட்ராஸ் ஸ்டடி'ன்னு இன்னைக்கும் சொல்வாங்க. அந்த மையம்தான் இப்போ சேத்துப்பட்டுல இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். மெட்ராஸ்ல படிச்ச நமக்கே இதோட பெருமை பாதிதான் தெரியும்.

தறிக்காரர் கேட்கிற கேள்விக்கு இதுல நேரடியான பதில் இருக்கு. குணப்படுத்தினது மருந்து. படுக்கை இல்லை. அதனால மருந்தை ஒழுங்கா சாப்பிட்டு, சளியில கிருமி போயி, உடம்புல தெம்பு வந்தா வேலைக்குப் போகலாம். நெசவு செய்றதால டிபி குணமாகாது, நெசவு செய்றதாலேயே மருந்து வேலை செய்யாமலும் போகாது. பஞ்சுத் தூசு பறக்கிற மூடின கொட்டகையில நாள் முழுக்க நிக்கிறது வேற விஷயம், அதை உங்க டாக்டர்கிட்ட தனியாக் கேளுங்க.

இப்போ வேலூர். இங்கே கொஞ்ச நேரம் இருக்கப் போறேன், ஏன்னா இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி.

அரக்கோணம் போயி ரயில் ஏறினா காட்பாடி. இங்கே இருந்து பெரிய கேஸை எல்லாம் வேலூர் சி.எம்.சி.க்கு அனுப்புறது ரெண்டு மூணு தலைமுறைப் பழக்கம். அந்த ஆஸ்பத்திரிக்கு 1946-ல ஒரு இளம் சர்ஜன் வந்தார். பால் பிராண்ட். வெள்ளைக்காரர்தான், ஆனா பிறந்தது நம்ம கொல்லிமலையில, 1914-ல. அப்பா அம்மா அங்கே மிஷனரிகள். ஒன்பது வயசுல படிக்க இங்கிலாந்து அனுப்பிட்டாங்க. அப்பா மலைக்காய்ச்சல்ல இறந்துட்டார்.

பையன் உடனே டாக்டருக்குப் படிக்கல. கட்டட வேலை கத்துக்கிட்டார். தச்சு, கொத்து எல்லாம். பல வருஷம் உளியும் ரம்பமும்தான். அப்புறம்தான் மருத்துவம். அவர் மரவேலையை எவ்வளவு நேசிச்சார்னு அவரைப் பத்தி எழுதினவங்க எல்லாரும் சொல்றாங்க. டாக்டர் ஆனதும் அந்தப் படிப்பெல்லாம் வீண்னுதான் யாருக்கும் தோணும்.

வேலூர் வந்த கொஞ்ச நாள்ல ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனார். அங்கே விரல் மடங்கிப்போன கைகள், நூத்துக்கணக்கில. கழுகு நகம் மாதிரி. அப்போ எல்லாரும் நம்பினது, தொழுநோய் சதையை அழுக வைக்குது, விரலைத் தின்னுடுது, அதனால அந்தக் கையில ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்லைன்னு.

பிராண்ட் ஒரு நோயாளிகிட்ட கையைக் கொடுத்து, இறுக்கிப் பிடின்னார். அந்த மடங்கின கை பிடிச்ச பிடியில இவருக்கு வலிச்சது. அந்தப் பிடியில தசை உயிரோட இருந்தது. அப்போ கெட்டது என்ன?

இறந்த ஒரு நோயாளியோட உடலைப் பரிசோதிக்கிற வாய்ப்பு கிடைச்சப்ப பதில் தெரிஞ்சது. நரம்புகள் எல்லா இடத்துலயும் கெடல. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால்னு தோலுக்குப் பக்கத்துல வர்ற இடங்கள்ல மட்டும் வீங்கியிருந்தது. முழங்கையை எங்கேயாவது இடிச்சா சுண்டு விரல் வரைக்கும் கரண்ட் அடிக்குமே, அந்த நரம்புதான் முதல் பலி. முன்கையில இருக்கிற பெரிய தசைகளுக்குப் போற கிளைகள் அதுக்கு மேலேயே பிரிஞ்சு போயிடுறதால பெரும்பாலும் தப்பிச்சுக்குது. உள்ளங்கையில இருக்கிற சின்னத் தசைகள் மட்டும் செத்துப்போகுது. அந்தச் சின்னத் தசைகள்தான் விரலை அடிமூட்டுல மடக்கி, நுனியை நீட்டி வைக்கும். ஒரு அறுந்த நூலை ரெண்டு விரலால எடுத்து முடிச்சுப் போடுறீங்க பாருங்க, அது முழுக்க அதுங்க வேலை.

உயிரோட இருக்கிற தசையைக் கடன் வாங்கி, செத்த தசையோட வேலையைக் கொடுத்தா என்ன? ஒவ்வொரு விரலையும் மடக்க உள்ளங்கைப் பக்கம் ரெண்டு தசைநாண் இருக்கு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு சமாளிக்கும். அதை எடுத்து, நாலாக் கிழிச்சு, விரல் பக்கவாட்டுல கொண்டுபோய்த் தைக்கணும். போலியோ கைகளுக்கும் காயப்பட்ட கைகளுக்கும் இந்த மாதிரி மத்த நாடுகள்ல செஞ்சிருந்தாங்க. தொழுநோய்க் கைக்கு யாரும் செய்யல. பிராண்டும் அவர் குழுவும் வேலூர்ல செஞ்சாங்க. ஆறிச்சு. சாதாரணக் கை மாதிரியே ஆறிச்சு. 1952-ல லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் அவரைக் கூப்பிட்டு ஹண்டேரியன் சொற்பொழிவு கொடுக்க வச்சது.

ஆபரேஷன் முடிஞ்சதும் கதை முடியல. மாவுக்கட்டுப் பிரிச்ச பிறகு நோயாளி 'விரலை நடுவுல மடக்கணும்'னு நினைச்சா, விரல் அடிமூட்டுல மடங்கும். ஏன்னா தசையோட முகவரியை மாத்தியாச்சு, மூளைக்கு இன்னும் தெரியாது. வாரக்கணக்காப் பழகணும்.

அதுக்கும் மேல ஒரு சிக்கல் வந்தது, அதை எந்தப் புத்தகமும் பிராண்டுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காது. கை நேரான நோயாளிகள் ஊருக்குப் போனாங்க. சில பேர் திரும்பி வந்து குறைப்பட்டுக்கிட்டாங்க. முன்னாடி மடங்கின கையை நீட்டினா பிச்சை விழுந்தது. இப்போ கை நல்லா இருக்கு, பிச்சை விழல. தொழுநோயாளின்னு தெரிஞ்சதால வேலையும் யாரும் தரல.

கை திரும்பியாச்சு, செய்யறதுக்கு வேலை இல்லை. கையை வச்சு என்ன பண்றது?

அப்போதான் பிராண்டோட பழைய படிப்பு வந்து நின்னது. 1950-களின் தொடக்கத்துல, ஒரு மூத்த மிஷனரி அம்மா கொடுத்த நன்கொடையில, வேலூர்ல மண் சுவர்க் குடிசைகள் கட்டி நவஜீவ நிலையம் ஆரம்பிச்சார். அதுல ஒரு தச்சுப் பட்டறை. சர்ஜனே வாத்தியார். ஆபரேஷன் பண்ணின கைகளுக்கு ரம்பம் பிடிக்கவும் மரப் பொம்மை செய்யவும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

காலையில தசைநாணை நாலாக் கிழிக்கிறார், சாயந்திரம் பலகையை அறுக்கிறார்.

பட்டறையிலதான் அவர் வாழ்க்கையோட பெரிய கண்டுபிடிப்பு நடந்ததுன்னு நான் சொல்வேன், ஆபரேஷன் தியேட்டர்ல இல்லை. பசங்க கையில தினம் புதுசுபுதுசாக் காயம். நோய் கட்டுக்குள்ள இருக்கு, ஆனா விரல் புண்ணாகுது. ஏன்? அவர் ஒவ்வொரு காயத்துக்கும் துப்பறிய ஆரம்பிச்சார். உளிப்பிடியில விளிம்பு கூர்மை, வலி தெரியாததால இவன் நாள் முழுக்க அழுத்திப் பிடிச்சிருக்கான். சுத்தியல் பிடியில ஒரு சிலாம்பு. சூடான டம்ளர். ஒரு பூட்டு திறக்கல, டாக்டருக்கே திருப்ப முடியல. ஒரு சின்னப் பையன் சிரிச்சுக்கிட்டே வந்து சாவியைத் திருப்பித் திறந்துட்டான். தரையில ரத்தம் சொட்டுது. சாவி விரல்ல எலும்பு வரைக்கும் இறங்கியிருக்கு. பையனுக்குத் தெரியவே இல்லை.

ராத்திரியில விரல் குறையுற மர்மமும் விடிஞ்சது. எலி. தூங்குற பையன் விரலை எலி கடிச்சாலும் எழுப்ப வலி இல்லை. ஆளுக்கு ஒரு பூனை வளர்க்கச் சொன்னாங்க. நிஜமாத்தான்.

ஆகத் தொழுநோய் விரலைத் தின்னல. வலி போனதால, அன்றாட வாழ்க்கை விரலைத் தின்னுது. பீடி பிடிக்கிறவங்களுக்கு ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவுல எதிரெதிரா ரெண்டு புண் இருக்கும், பீடி கடைசி வரைக்கும் எரிஞ்சது தெரியாததால. இன்னைக்கும் பார்க்கிறேன்.

பட்டறையில எல்லாம் மாறிச்சு. கருவிகளுக்குப் பிடி பெருசாச்சு, வழவழன்னு ஆச்சு. ஒரே வேலையை ரொம்ப நேரம் செய்யாம மாத்தி மாத்திச் செய்யச் சொன்னாங்க. வேலை முடிஞ்சதும் ஒவ்வொரு கையையும் தொட்டுப் பார்ப்பாங்க. எங்கேயாவது சூடா, சிவப்பா இருந்தா அந்த இடத்துக்கு மறுநாள் ஓய்வு. வலி செய்ய வேண்டிய வேலையைக் கண் செஞ்சது.

இந்தப் பட்டறைப் பாடம் அங்கிருந்து கால்களுக்குப் போச்சு. மெத்துன்னு நுண்துளை ரப்பர் அடி வச்ச எம்.சி.ஆர். செருப்பு வேலூர், கரிகிரி பக்கம் நடந்த வேலையில இருந்து வந்தது. கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையம் 1955-ல வந்தது. பிராண்ட் 1966-ல அமெரிக்காவுல கார்வில்லுக்குப் போயி, உணர்ச்சி போன சர்க்கரை நோயாளிக் கால்களுக்கும் இதே பாடத்தைச் சொன்னார். 2003-ல காலமானார்.

வேலூர் கதையில இன்னொருத்தர் பேரைச் சொல்லாம விட முடியாது. டாக்டர் மேரி வர்கீஸ். அதே சி.எம்.சி.யில பயிற்சியில இருந்த இளம் டாக்டர். 1954 ஜனவரியில கார் விபத்து. இடுப்புக்குக் கீழே செயலிழப்பு. சர்ஜரிங்கிறது என்னதான் சொன்னாலும் ஒரு கைத்தொழில், நின்னு செய்ற கைத்தொழில். அது முடிஞ்சதுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. பிராண்ட் ஒரு விஷயத்தைக் கவனிச்சார். கை ஆபரேஷனை உட்கார்ந்துக்கிட்டே செய்யலாம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில உட்கார்ந்து தொழுநோயாளிகளோட கையைச் சரிபண்ண ஆரம்பிச்சாங்க. நடக்க முடியாத டாக்டர், பிடிக்க முடியாத நோயாளி. பின்னாடி மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்து, அந்தத் துறையைச் சி.எம்.சி.யில கட்டி எழுப்பினாங்க. 1966-ல தனி மறுவாழ்வு மையமே திறந்தாங்க. 1972-ல பத்மஸ்ரீ.

இந்த வரலாறு எல்லாம் எனக்கு எதுக்கு உதவுதுன்னு கேட்டா, ஒரு அம்மாவைப் பத்திச் சொல்றேன். பேர், ஊர் வேணாம். நெசவுக் குடும்பம். பக்கவாதம், வலது பக்கம். மருந்து எல்லாம் ஓடுது, பிரஷர் கட்டுக்குள்ள வந்துடுச்சு. மூணு மாசத்துல நடக்கிறாங்க, ஆனா வலது கை பிடிமானம் சுமார். பிசியோதெரபி ரூம்ல பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னா நாலு தரம் அமுக்கிட்டு வச்சுடுவாங்க. மருமக என்கிட்ட, "சார், அத்தைக்கு வீட்டுலேயும் எதுலயும் மனசே இல்ல"ன்னு சொல்லுது.

வீட்டுல தார் சுத்துற ராட்டை இருக்கான்னு கேட்டேன். இருக்கு. பரண்ல.

காந்தி காலத்துலயும் பரண், நம்ம காலத்துலயும் பரண்.

தறிக்குப் போக வேணாம்மா, ராட்டையை இறக்கித் தார் மட்டும் சுத்துங்கன்னேன். முதல்ல இடது கையால சக்கரத்தைச் சுத்தி, வலது கையால நூலை லேசாப் பிடிச்சுக்கணும். அப்புறம் மாத்தணும். எங்க பிசியோதெரபிஸ்ட் வந்து உட்காரும் உயரம், தோள்பட்டை எல்லாம் பார்த்துச் சொல்லிக்கொடுத்தார்.

இதுல மந்திரம் எதுவும் இல்லை. பக்கவாதக் கைக்கு, ஒரு குறிப்பிட்ட வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறதுதான் இன்னைக்கு ஒத்துக்கப்பட்ட சிகிச்சை. அமெரிக்காவுல 222 நோயாளிகளை வச்சு நடந்த ஒரு ஆராய்ச்சி 2006-ல வெளியாச்சு. நல்ல கையைக் கட்டி வச்சு, கெட்ட கையை வேலை வாங்கினா வழக்கமான கவனிப்பை விடக் கூடுதல் பலன்னு அதுல தெரிஞ்சது. பந்தை நாலு தரம் அமுக்கினவங்க தாரை நாப்பது தரம் சுத்துவாங்க, ஏன்னா அந்தத் தாரை மகன் தறியில போடப் போறான். அறுந்தா அவன் கத்துவான்.

அவங்க இன்னும் தறிக்குப் போகல. போவாங்களான்னு எனக்கு உறுதியாச் சொல்ல முடியாது, அவங்ககிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். கைத்தறியில வலது கை கயிறை இழுத்து நாடாவை ஓட்டணும், இடது கை பலகையை அடிக்கணும், கால் மிதியை மாத்தணும். எல்லாம் ஒரே தாளத்துல வரணும். ஆனா போன தடவை வந்தப்ப அவங்க சொன்ன புகார், மருமக சுத்துற தார் தொளதொளன்னு இருக்குங்கிறது. எதுலயும் மனசில்லாத ஆளு இப்படிக் குறை சொல்ல மாட்டாங்க.

தறி வச்சிருக்கிற வீட்டுக்காரங்களுக்குச் சில விஷயம் சொல்லிட்டுப் போறேன்.

சர்க்கரை வந்து பாதம் மரத்துப் போனவங்க குழித்தறி மிதியில வெறுங்காலோட மிதிக்காதீங்க. மரக்கட்டை விளிம்பு ஒரே இடத்துல ஆயிரக்கணக்கான தரம் அழுத்தும், உங்களுக்குத் தெரியாது. மிதி மேல மெத்துன்னு ரப்பர் சுத்துங்க. ராத்திரி படுக்கும் முன்னாடி ஒரு கண்ணாடியைத் தரையில வச்சு உள்ளங்காலைப் பாருங்க. சிவப்போ சூடோ இருந்தா மறுநாள் தறி வேணாம்.

சுண்டு விரல் மோதிர விரல்கிட்ட ஒட்டாம விலகியே நிக்குதா, அறுந்த நூலை எடுக்கிறப்ப கட்டைவிரல் நுனி வழக்கத்துக்கு மாறா மடங்குதா, வெளுத்த ஒரு தேமல்ல தொட்டா உணர்ச்சி இல்லையா? உடனே வாங்க. 2005 டிசம்பர்ல, பத்தாயிரம் பேருக்கு ஒருத்தருக்கும் கீழே தொழுநோய் குறைஞ்சதா இந்தியா அறிவிச்சது. அதுக்கு நோயே இல்லைன்னு அர்த்தம் இல்லை. வருஷத்துக்கு ஒரு லட்சம் பேர் அளவுக்குப் புதுசாக் கண்டுபிடிக்கப்படுறாங்க. கூட்டு மருந்து 6 மாசம் அல்லது 12 மாசம், இலவசம். நரம்பு வீங்கின ஆரம்பத்துலேயே வந்தா மாத்திரையிலேயே விரலைக் காப்பாத்த முடியும், பிராண்ட் செஞ்ச ஆபரேஷன் வரைக்கும் போகத் தேவையிருக்காது. பாதத்துல உணர்ச்சி ஏற்கெனவே போயிருந்தா தொழுநோய்ப் பிரிவுல எம்.சி.ஆர். செருப்பைக் கேட்டு வாங்குங்க. அதுவும் இலவசம்தான். அளவு சரியில்லன்னா மாத்தித் தரச் சொல்லுங்க.